பாதுகாப்பே வால்வு

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலையாயது எது என்று கேட்டால், சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். இரண்டும் தவறு. நெருப்பு சுடும். சக்கரம் காலில் ஏறும். யார் மேலும் படாத, யாருக்கும் எந்தப் பாதிப்பும் உண்டாக்காத ஒரே கண்டுபிடிப்பு பாதுகாப்புக் குழுக் கூட்டம்தான்.

இந்தப் பேருண்மையை உணர்ந்து அதற்கே தம்மை ஒப்புக்கொடுத்தவர் அந்த பிஸ்கட் தொழிற்சாலையின் பாதுகாப்பு அலுவலர். பதினோரு வருடத்தில் அறுநூற்றுச் சொச்சம் கூட்டங்கள் நடத்தியவர். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடிப்பார், பிடிக்காதவர்களையும் பிடிப்பார். வீட்டில் மிக்ஸி போடுவதற்கு முன் "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று அறிவிப்பார். சமையலறையில் அப்போது அவரைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். தொழிற்சாலையில் அவருக்கு 'ஹெல்மெட்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதுதான் என்றாலும் அவர் காதுக்கும் வந்திருந்தது. பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வருடத்துப் பாதுகாப்பு வாரம் ஒரு திங்கட்கிழமை தொடங்கியது. 'பாதுகாப்பே வாழ்வு' என்று பேனர் அடிக்கக் கொடுத்திருந்தார். 'பாதுகாப்பே வால்வு' என்று அடித்து வந்தது. மாற்ற நேரமில்லை. ரிப்பன் வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலைப் பாதுகாப்புக் கருதி அவரே முதல் நாள் மழுங்கடித்திருந்தார். ஆகவே பொது மேலாளர் ரிப்பனைப் பல்லால் கடித்து இழுத்து விழாவைத் தொடங்கி வைத்தார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து சட்டையின் இரண்டாவது பட்டனைக் கழற்றுவதற்குள் அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு டெய்லர் நின்றிருந்தார். கழுத்தில் அளவு டேப். தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது. அந்தத் தலை நனைந்திருந்தது, உச்சியில் சிவந்திருந்தது.

"சார், உங்க வீட்டுலேர்ந்து சொட்டுது."

"என்ன சொட்டுது?"

"வெந்நீர் சார். பால்கனியில மெஷின் போட்டு உக்காந்திருக்கேன். டொக்குனு ஒண்ணு. என்னடான்னு நிமிந்து பாத்தா இன்னொண்ணு. நேரா இங்க." உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினார்.

"சொட்டு உங்க சொட்டையிலதான் விழுந்துதுன்னு உறுதியா சொல்ல முடியுமா?"

"வேற எவன் சொட்டையிலயாவது விழுந்திருந்தா நான் எதுக்கு சார் மாடி ஏறி வர்றேன்?"

அலுவலர் இதை 'நேரடி சாட்சியம்' என்று மனதில் குறித்துக்கொண்டு, குளியலறைக்குப் போனார். சுவரில் தலைக்கு மேலே கீசர். அதன் அடிப்பக்கத்தில் ஒரு சிறிய பித்தளை வால்வு. அதில் சொருகியிருந்த மெல்லிய ரப்பர் குழாய் காற்றுத் துவாரம் வழியாக வெளியே போய், சுவரில் தொங்கியது. முன்பு குடியிருந்த புண்ணியவான் யாரோ செய்த ஏற்பாடு. குழாயின் வாயிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக டெய்லரின் பால்கனியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வந்தவள், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் எட்டிப் பார்த்தாள்.

"பிளம்பரைக் கூப்பிடுங்க."

"பிளம்பர்ங்கறது ஒரு தீர்வும்மா. நாம இன்னும் பிரச்சினையையே வரையறுக்கல."

"அவர் தலை செவந்திருக்கே, அது பத்தாதா?"

"அது விளைவு."

அவள் டெய்லரின் தலையில் ஒரு களிம்பைத் தடவி அனுப்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஆய்வு நடந்தது. அலுவலர் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணினார். நிமிடத்துக்குப் பதினாறு சொட்டு. உடனடி நடவடிக்கையாக டெய்லரின் பால்கனியில் ஒரு பலகை மாட்டப்பட்டது: 'எச்சரிக்கை. மேலிருந்து வெந்நீர் விழும் பகுதி. தலைக்கவசம் கட்டாயம்.' கூடவே மஞ்சள் தலைக்கவசம் ஒன்றும் வழங்கப்பட்டது. டெய்லர் அதைப் போட்டுக்கொண்டு தைத்தார். ரவிக்கை கொடுக்க வந்த பெண்மணி, கட்டடம் இடிக்கிறார்களோ என்று பயந்து துணியோடு திரும்பிப் போனாள்.

"எப்படி இருக்கு?" என்று மேலிருந்து கேட்டார் அலுவலர்.

"முன்னாடி சுட்டுது சார். இப்ப காது வலிக்குது. டங்கு டங்குன்னு கோயில் மணி மாதிரி."

"முன்னேற்றம்தான்."

புதன்கிழமை சொட்டுகள் எண்ணிக்கைக்குள் அடங்கவில்லை. ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. ஆவியும் வந்தது. அலுவலர் கலங்கவில்லை. 'சொட்டு' என்ற சொல்லை அடித்துவிட்டு 'கட்டுப்படுத்தப்பட்ட வெந்நீர் வெளியேற்றம்' என்று எழுதினார். எழுதியதும் ஓரளவு நிம்மதியாக இருந்தது.

வியாழக்கிழமை காலை அவருக்கு ஞானம் பிறந்தது. ஒழுகுவது எது? வால்வு. வால்வு எதன் வழியாக ஒழுகுகிறது? அதன் வாய் வழியாக. வாய் எதற்குத் திறந்திருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடாமல், ரப்பர் குழாயைப் பிடுங்கி எறிந்தார். வெள்ளை டேப்பை நாலு சுற்றுச் சுற்றி ஒரு இரும்பு மூடியை வால்வின் வாயில் வைத்து, ஸ்பானரால் முறுக்கினார். கண்ணைக் கூர்ந்து ஐந்து நிமிடம் பார்த்தார்.

ஒரு சொட்டு இல்லை.

போட்டோ எடுத்தார். 'கசிவு: பூஜ்ஜியம்' என்று தலைப்பிட்டு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீசரை அணைத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே வேலைக்குப் போனார். கைப்பிடியைப் பிடிக்காமல் படியிறங்கினார் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அதற்கு ஆதாரம் இல்லை.

தொழிற்சாலை வாசலில் பொது மேலாளரே காத்திருந்தார்.

"எக்ஸலண்ட்! நம்ம தொழிலாளர் விடுதியில எத்தனை கீசர் இருக்கு?"

"நாற்பத்திரெண்டு சார்."

"அத்தனையும் சொட்டுது. தரையெல்லாம் ஈரம். போன தணிக்கையில எழுதிட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கே மூடி போடச் சொல்லிட்டேன். 'பூஜ்ஜியக் கசிவுத் திட்டம்'. எப்படி இருக்கு பேரு?"

அலுவலருக்குக் கண் கலங்கியது. பதினோரு வருடத்தில் அவர் எழுதிய எந்தப் பரிந்துரையும் மேசையைத் தாண்டிப் போனதில்லை. விடுதி மாடிப்படியில் ஒரு பல்பு மாற்ற நாலு வருடம் எடுத்துக்கொண்ட பராமரிப்புத் துறை, நாற்பத்திரண்டு மூடிகளோடு அன்று காலையிலேயே கிளம்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். தவறான காரியத்துக்குத்தான் அந்தத் துறைக்குக் கால் முளைக்கும் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

பாராட்டின் அடையாளமாக அவரை நாலு மணிக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். வெற்றிக் குளியல் ஒன்று போடலாம் என்று கீசரைப் போட்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே காத்திருந்தார். கால் மணி நேரம் ஆனது. அரை மணி நேரம் ஆனது. கீசரின் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. உள்ளே யாரோ தொண்டையைக் கனைப்பதுபோல் ஒரு சத்தம். பிறகு யாரோ நாற்காலியை இழுப்பதுபோல். பிறகு பல்லைக் கடிப்பதுபோல்.

"உற்சாகமாக வேலை செய்கிறது" என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் அவர் மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பின்னாலேயே தோளில் கருவிப் பையோடு ஒரு நடுத்தர வயதுப் பெண்.

"மத்தியானமே போன் பண்ணிட்டேன்" என்றாள் மனைவி. "எங்க ஆஸ்பத்திரி வேலையெல்லாம் பாக்கறது இந்த பிளம்பர் அக்காதான்."

பிளம்பர் குளியலறை வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டார். அண்ணாந்து மூடியைப் பார்த்தார். உள்ளே கால் வைக்கவில்லை.

"யாரு சார் இதை அடைச்சது?"

"அடைக்கல. கசிவைப் பூஜ்ஜியம் ஆக்கினேன்."

பிளம்பர் விறுவிறுவென்று கூடத்துக்குப் போய், மீட்டர் பெட்டியைத் திறந்து, கீசருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்தார்.

"எல்லாரும் கீழ இறங்குங்க. செருப்பெல்லாம் தேட வேணாம். கீழ்வீட்டுக்காரரையும் கூப்பிடுங்க."

"நானே மூடியைக் கழட்டிடறேன், ஒரு நிமிஷம்..." அலுவலர் ஸ்பானரை எடுத்தார்.

"இப்ப கழட்டுனீங்கன்னா உங்க முகத்தை அப்புறம் போட்டோவுலதான் பாக்கணும். ஆறட்டும். வாங்க சார்!"

ஐந்து நிமிடத்தில் நாலு பேரும் தெருவில் நின்றார்கள். அலுவலர் வெறுங்காலோடு, தோளில் துண்டோடு. பாதுகாப்பு விதிகளின்படி முறையாக உடுத்தியிருந்தவர் டெய்லர் ஒருவர்தான். மஞ்சள் தலைக்கவசத்தின் வாரைத் தாடைக்குக் கீழே இழுத்து மாட்டிக்கொண்டார்.

"அந்த மூடியில அப்படி என்னக்கா தப்பு?" என்று கேட்டார் டெய்லர்.

"தண்ணி சுட்டா பெருகும். டாங்கிக்குள்ள இடம் கிடையாது. அப்ப அந்த வால்வு திறந்து கொஞ்சத்தை வெளிய விடும். சூடேறும்போது நாலு சொட்டு வந்தா கீசர் நல்லா இருக்குன்னு அர்த்தம். ஆவியோட ஓடினா, உள்ள சூட்டை நிறுத்தற தெர்மோஸ்டாட் போச்சு, தண்ணி கொதிக்குதுன்னு அர்த்தம். அது மூணு நாளா வாய் விட்டுச் சொல்லியிருக்கு. இவரு வாயைக் கட்டிட்டாரு."

"எங்க வார்டுல ஒருத்தருக்கு நீர் அடைச்சுக்கிச்சுன்னா டியூப் போட்டு எடுத்து விடுவோம்" என்றாள் மனைவி, கணவரைப் பார்க்காமல். "இவர் டாக்டரா இருந்திருந்தா கார்க் வெச்சு மூடிட்டு, கசிவு பூஜ்ஜியம்னு போட்டோ எடுத்திருப்பாரு."

"வெடிக்குமா?" என்று கேட்டார் அலுவலர்.

"டாங்கி கிழிஞ்சா ராக்கெட் சார். மேல்மாடியைக் கேட்டுக்கிட்டுப் போகாது."

அப்போது அவர் போன் சிணுங்கியது. அலுவலகக் குழுவில் ஒரு செய்தி. 'விடுதியில் 42 மூடிகளும் பொருத்தப்பட்டன. முன்மாதிரி தந்த நம் பாதுகாப்பு அலுவலருக்கு நன்றி.' கூடவே கைதட்டும் பொம்மைகள் ஒன்பது.

அலுவலர் அதைப் படித்தார். மணியைப் பார்த்தார். ஐந்தரை. ஆறு மணிக்கு ஷிப்டு முடியும். இருநூறு பேர் மாவும் வேர்வையுமாக விடுதிக்கு வருவார்கள். நாற்பத்திரண்டு கீசரையும் போடுவார்கள். அத்தனையிலும் தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? பல்பு மாற்றவே நாலு வருடம். பொது மேலாளருக்கும் விடுதிக்கும் போன் போட்டார், யாரும் எடுக்கவில்லை.

"அக்கா," என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக முன்னுரை இல்லாமல் பேசினார். "உங்க வண்டி ஓடுமா?"

பிளம்பரின் சரக்கு வண்டியில் முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். நர்ஸ் முன்னால் ஏறிக்கொண்டாள். பின்னால் குழாய்களுக்கும் கழுவுதொட்டி ஒன்றுக்கும் நடுவில் அலுவலரும் டெய்லரும் உட்கார்ந்தார்கள். டெய்லரை யாரும் கூப்பிடவில்லை. "தலைக்கவசம் என்கிட்டதானே இருக்கு" என்று அவரே ஏறிவிட்டார். ஒவ்வொரு வளைவிலும் இருவரும் மாறி மாறி கழுவுதொட்டிக்குள் விழுந்தார்கள். கட்டி வைக்காத சரக்கோடு பயணம் செய்வது பற்றி அலுவலர் எழுதிய சுற்றறிக்கை பதினாலு பக்கம். அன்று அதன் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

விடுதி வாசலில் காப்பாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வாளிச் சத்தம், பாட்டுச் சத்தம். முதல் கும்பல் வந்துவிட்டிருந்தது.

"மெயின் சுவிட்ச் எங்க? கீசர் எல்லாத்தையும் அணைக்கணும்!" அலுவலர் வண்டியிலிருந்து குதித்தார்.

"உத்தரவு?"

"என்ன உத்தரவு?"

"மூடி போட உத்தரவு வந்தது. கையெழுத்து போட்டு வாங்கி வெச்சிருக்கேன். எடுக்க உத்தரவு இருக்கா? படிவத்துல கொடுங்க சார். நீங்கதானே எங்களுக்கு வகுப்பு எடுத்தீங்க, வாய்மொழியா எதையும் செய்யாதீங்கன்னு?"

அலுவலருக்குத் தன் குரலே எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. அதனோடு வாதிட்டு ஜெயித்தவர் இதுவரை யாரும் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே காப்பாளரை நாற்காலியோடு தள்ளி வைத்துவிட்டு, பின்னாலிருந்த மின்பெட்டியைத் திறந்து, பெரிய கைப்பிடியைக் கீழே இழுத்தார்.

விடுதி இருண்டது. பாட்டு நின்றது.

"எல்லாரும் வெளிய வாங்க!" நர்ஸ் தாழ்வாரத்தின் இந்த முனையிலிருந்து கத்தினாள். நாற்பது படுக்கை வார்டை அடக்கிப் பழகிய குரல் அது. "குழாயைத் திறக்காதீங்க! கீசர் பக்கத்துல நிக்காதீங்க! சோப்போட வந்தாலும் பரவாயில்ல, நான் பாக்காத உடம்பா?"

வந்தார்கள். துண்டோடு வந்தார்கள், வாளியை முன்னால் பிடித்துக்கொண்டு வந்தார்கள், ஒரு கால் மட்டும் கழுவியபடி வந்தார்கள். டெய்லர் தலைக்கவசத்தோடு நடுவில் நின்று இரண்டு கையையும் வீசி வழி காட்டினார். யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்து எல்லாரும் அவர் சொன்னபடி கேட்டார்கள். அடுப்புப் பிரிவைச் சேர்ந்த ஆஜானுபாகுவான ஒரு தொழிலாளி, தலை முழுக்க ஷாம்பு நுரையோடு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தடவித் தடவி வந்து, அலுவலரின் தோளைப் பிடித்தார். அலுவலர் அவரைக் கைப்பிடிச் சுவரைப் போல் நின்று தாங்கி முற்றத்துக்குக் கூட்டிப் போனார்.

"என்ன சார் ஆச்சு?"

"கீசர்ல மூடி போட்டிருக்காங்க. அது ஆபத்து."

"எந்தக் கூறுகெட்டவன் சார் போடச் சொன்னது?"

அலுவலர் அவர் முகத்தைப் பார்த்தார். ஆள் கண்ணைத் திறக்கவில்லை. வேறு யார் பெயரையும் சொல்லிவிடலாம்.

"நான்தான்" என்றார்.

அந்த ஆள் முகத்து நுரையை வழித்து எறிந்துவிட்டு அவரைப் பார்த்தார். கோபப்படுவார் என்று அலுவலர் காத்திருந்தார். அவரோ சிரித்துவிட்டார். "நீங்களா? அப்ப நல்லதாப் போச்சு. வேற யாராவது சொல்லியிருந்தா, எடுக்க யாரு சார் ஓடி வந்திருப்பா?"

அலுவலர் தம் தோளிலிருந்த துண்டை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

அன்றைக்கு யாரும் குளிக்கவில்லை. மறுநாள் காலை எல்லாம் நன்றாக ஆறிய பிறகு பிளம்பர் அறை அறையாகப் போய் மூடிகளைக் கழற்றினார். அலுவலர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஏழாவது அறைக் கீசருக்கு அடிவயிறு வெளியே தள்ளியிருந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போல. பிளம்பர் அதை விரலால் தொட்டுக் காட்டினார். "இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா..." என்று தொடங்கி, அலுவலரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அந்த அறையில் ஆறு கட்டில் இருந்தன. அலுவலர் இரண்டு தரம் எண்ணினார்.

சனிக்கிழமை அவர் வீட்டுக் கீசருக்கு வேலை நடந்தது. தெர்மோஸ்டாட் புதிது, வால்வு புதிது. வால்வின் வாயிலிருந்து ஒரு செம்புக் குழாயைச் சுவரோரமாகக் கீழே இறக்கினார் பிளம்பர்.

"குழாய் கீழ் நோக்கியே வரணும் சார். நடுவுல எங்கயும் மேல ஏறக்கூடாது, மடங்கக் கூடாது. ரப்பர் கூடாது, சூட்டுல தொய்ஞ்சு போயிரும். முனை தரைக்கு ஒரு சாண் மேல நிக்கணும், வடிகால் பக்கம் பாத்து. வர்ற தண்ணி யார் மேலயும் படக்கூடாது, ஆனா உங்க கண்ணுல படணும். அதிகமா வந்தா என்னைக் கூப்பிடுங்க."

"முனையில சின்னதா ஒரு குழாய்த் திருகு வெச்சா, வேண்டாதப்ப மூடிக்கலாமே?"

பிளம்பர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். உள்ளேயிருந்து மனைவியும் எட்டிப் பார்த்தாள்.

"சும்மா கேட்டேன்" என்றார் அலுவலர்.

அன்று கீசரைப் போட்டதும் நாலே நாலு சொட்டு இறங்கி வடிகாலுக்குள் போனது. அவர் குனிந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணவில்லை. கீழே பால்கனியில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. வெகு நாளைக்குப் பிறகு அவருக்கு உடம்பு லேசாக இருந்தது.

அந்த உடம்போடுதான் திங்கட்கிழமை விசாரணைக் குழு முன் போய் உட்கார்ந்தார். குழு என்றால் பொது மேலாளர் தலைவர், பராமரிப்புத் துறைப் பொறியாளரும் விடுதிக் காப்பாளரும் உறுப்பினர்கள். நிர்வாகம் பொருத்திய நாற்பத்திரண்டு 'கருவிகளை' அனுமதியில்லாமல் அகற்றியது, ஒரு மாலைப் பொழுது முழுவதும் இருநூறு பேரைக் குளிக்காமல் வைத்தது, காப்பாளரை நாற்காலியோடு இடம் மாற்றியது ஆகியவை குற்றச்சாட்டுகள்.

"ஏன் செஞ்சீங்க?"

"விபத்தைத் தடுக்க சார்."

"விபத்து நடந்ததா?"

"இல்ல சார்."

"நடக்காத ஒண்ணை எப்படித் தடுத்தீங்க?"

அலுவலர் ஏழாவது அறையைப் பற்றிச் சொன்னார். வீங்கிய டாங்கியைப் பற்றிச் சொன்னார். ஆறு கட்டிலைப் பற்றிச் சொன்னார். மூடி போடும் யோசனை தன்னுடையது என்றும், அதற்கு எந்தத் தண்டனையையும் ஏற்கத் தயார் என்றும் சொன்னார். தலைவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"மூடி போட்டதுல எந்தத் தப்பும் இல்ல. அது முறையான உத்தரவு. அதுக்கு உங்களுக்குப் பாராட்டுக் கடிதம்கூடத் தயாரா இருக்கு. எடுத்ததைப் பத்திப் பேசுங்க."

பிறகு குழு கோப்பைத் தேடியது. விபத்து நடந்துவிட்டால் நிரப்ப ஒன்பது பக்கப் படிவம் இருந்தது. அனுதாபச் செய்தியே அச்சடித்து, பெயருக்கு மட்டும் கோடு விட்டு வைத்திருந்தார்கள். நடக்காமல் போனால் நிரப்ப எந்தப் படிவமும் இல்லை. படிவம் இல்லாமல் எதையும் செய்கிற நிறுவனம் அல்ல அது. ஆகவே தலைவர் விபத்துப் படிவத்தையே விரித்து வைத்து, சொல்லச் சொல்ல, காப்பாளர் அழகான கையெழுத்தில் எழுதினார்.

"விபத்து நடந்த இடம்: தொழிலாளர் விடுதி. காயம்பட்டவர்: நிர்வாகம். காயத்தின் தன்மை: உள்காயம். விபத்துக்குக் காரணம்..." தலைவர் நிமிர்ந்து எதிரே பார்த்தார். "பாதுகாப்பு அலுவலர்னு போடுங்க."

"கடைசிக் கட்டம் ஒண்ணு இருக்கு சார்" என்றார் காப்பாளர். "இது மீண்டும் நிகழாமல் தடுக்க எடுக்கப்பட்ட நடவடிக்கை?"

"அந்தப் பணியிடம் நிரந்தரமாக நீக்கப்பட்டது."